குளிர்காலத்தில் அவசரமில்லாமல் ஒரே ஊர்: என் பதில் புடாபெஸ்ட்

கேள்வியின் சுருக்கம் இது. கல்லூரிக் காலத்து நண்பர்கள் நான்கு பேர். நாற்பதை நெருங்கிவிட்டார்கள். டிசம்பரில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவில் ஏதாவது ஒரு குளிர்கால நகரத்துக்குப் போய், ஓடாமல் ஆடாமல், பேசிக்கொண்டு இருந்துவிட்டு வர வேண்டும். இருவர் சைவம். ஒருவருக்கு முழங்கால் வலி. வியன்னா, பிராக், புடாபெஸ்ட் மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா, அல்லது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாமா?

ஒன்றோடு நிறுத்துங்கள். அந்த மூன்று நகரங்களையும் எட்டே நாளில் ஐந்து நண்பர்களோடு சுற்றியவன் நான். மூன்றும் அழகான ஊர்கள்தான், ரயில் வசதியும் நன்றாக இருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் போய்விடும். அதுவும் டிசம்பரில் பாதி நாள் என்றால் அன்றைய வெளிச்சம் முழுவதும் போனதாகத்தான் அர்த்தம். பெட்டியைக் கட்டுவது, உறைந்த பிளாட்பாரத்தில் நிற்பது, புது வீட்டின் சாவிக்காகத் தெருவில் காத்திருப்பது என்று அந்தப் பயணத்தில் நாங்கள் பேசியதை விட நேரம் பார்த்ததுதான் அதிகம். ஆறாம் நாள் இருவருக்குள் பேச்சே நின்றுபோனது. பிறகு சரியானது, அது வேறு விஷயம். அதன் பிறகு குளிர்காலத்தில் புடாபெஸ்டுக்கு மட்டுமே மூன்று முறை போயிருக்கிறேன்.

குளிர்கால ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த ஊர்க்காரர்கள் இந்தக் குளிரில் மாலை நேரத்தை எங்கே போய்க் கழிக்கிறார்கள்? இதற்கு நல்ல பதில் உள்ள ஊரில் நமக்கும் ஒரு வாரம் சுகமாகப் போகும். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டின் பதில் வெந்நீர்.

நகரத்தின் அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. நகரின் மேற்குப் பாதியான புடாவின் மலைகளில் சுண்ணாம்புப் பாறையில் விழும் மழைநீர் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, டான்யூப் ஆற்றங்கரையை ஒட்டிய நிலப்பிளவு வழியாக மேலே வருகிறது. ரோமானியர்கள் இதில் குளித்தார்கள். 1541 முதல் 1686 வரை ஆண்ட துருக்கியர்கள் குவிமாடம் வைத்த குளியல் கூடங்களைக் கட்டினார்கள். அவற்றில் சில இன்றும் இயங்குகின்றன.

முதலில் போக வேண்டியது சேச்செனி குளியல் கூடம். 1913-ல் திறந்தது. மஞ்சள் நிற அரண்மனை மாதிரி இருக்கும், நடு முற்றத்தில் திறந்தவெளிக் குளங்கள். பூமிக்கடியிலிருந்து எழுபது டிகிரியைத் தாண்டிய சூட்டில் வரும் தண்ணீரை ஆற வைத்து விடுகிறார்கள். உட்காரும் குளத்தில் சூடு கிட்டத்தட்ட 38 டிகிரி. வெளியே காற்று சுழியத்துக்குக் கீழே இருக்கும்போது தண்ணீர்ப் பரப்பு முழுவதும் ஆவி எழும்பி, எதிரில் நிற்கும் ஆளின் முகம்கூட மங்கித் தெரியும். அந்த ஆவிக்கு நடுவே வயதானவர்கள் மார்பளவு நீரில் நின்றுகொண்டு செஸ் ஆடுவார்கள். பயணிகளுக்காக நடத்தும் காட்சி என்று நினைக்க வேண்டாம், அவர்கள் வழக்கமாக வருகிறவர்கள். அருகிலேயே மிருகக்காட்சிசாலை. அங்குள்ள நீர்யானைகளின் குளத்துக்கும் இதே ஊற்று நீர் போகிறது. இதைச் சொன்னால் என் நண்பர்கள் யாரும் முதலில் நம்புவதில்லை.

நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், இவை தெரியாமல் போனால் முதல் அரை மணி நேரம் வீணாகும். கையில் ஒரு பட்டை தருவார்கள், அதுதான் லாக்கர் சாவி. துண்டு, ரப்பர் செருப்பு, நீச்சல் உடை மூன்றையும் கொண்டு போங்கள். அங்கே வாங்கினால் விலை அதிகம். கட்டடக் கதவிலிருந்து குளம் வரை ஈர உடம்போடு பத்துப் பதினைந்து அடி நடக்க வேண்டும். அந்தச் சில நொடிகள்தான் முழுப் பயணத்திலேயே அதிகம் குளிரும் நேரம், செருப்பு இல்லையென்றால் பாதம் தரையில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். தலையில் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்குங்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். தலை லேசாகச் சுற்றினால் அன்றைக்கு அது போதும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுவது அவசியம். கட்டணம் ஒருவருக்கு 3,000 ரூபாயைத் தாண்டும். ஆனால் நாள் முழுவதும் இருக்கலாம். காலையிலேயே போய்விட்டால் கூட்டம் குறைவு. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

முழங்கால் வலி உள்ள நண்பரை லுகாச் குளியலுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சிகிச்சைக்காக வருகிறவர்களும் உண்டு. முற்றத்துச் சுவரில் வரிசையாகப் பளிங்குக் கற்கள் பதித்திருக்கும். இந்தத் தண்ணீரால் வலி தீர்ந்தவர்கள் நன்றி சொல்லிப் பல மொழிகளில் வைத்த கற்கள் அவை. நேர்த்திக்கடன் செலுத்திய கோயில் சுவர் மாதிரி எனக்குத் தோன்றும். கட்டணமும் சேச்செனியை விடக் குறைவு. உங்கள் நண்பரின் வலி தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று மாலை அவர் மற்ற மூவரையும் விட நன்றாக நடப்பார்.

மூன்றாவது ருதாஷ், துருக்கியர் காலத்தது. எட்டுத் தூண்கள் தாங்கும் கல் குவிமாடம், அதன் கீழே எண்கோணக் குளம். குவிமாடத்தில் சிறு சிறு துளைகளில் வண்ணக் கண்ணாடி பதித்திருப்பதால் வெளிச்சம் கோடு கோடாக நீரில் இறங்கும். சுற்றிலும் 28 டிகிரியிலிருந்து 42 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் சிறு தொட்டிகள். மொட்டை மாடியிலும் ஒரு வெந்நீர்க் குளம் உண்டு. இருட்டிய பிறகு அதில் உட்கார்ந்தால் டான்யூபும் பாலங்களின் விளக்குகளும் கண்ணுக்கு நேரே தெரியும். இந்தத் துருக்கிக் கூடத்தில் ஆண்கள், பெண்களுக்கு எனத் தனித்தனி நாள் வைப்பது பழைய வழக்கம். கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் அந்த வாரத்தின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு நாளில் மூன்று குளியல் அதிகமில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வைத்தால் பயணத்துக்கு ஒரு தாளம் கிடைக்கும்.

இனி வெளிச்சம். டிசம்பரில் அங்கே காலை ஏழரைக்குத்தான் விடியும், நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். நான்கு சோம்பேறி நண்பர்களுக்கு இதை விட வசதி வேறு இல்லை. காலையில் நிதானமாக எழுந்து, வீட்டிலேயே காபி போட்டுக் குடித்து, பத்தரைக்கு வெளியே வாருங்கள். வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பாருங்கள், ஒரு நாளைக்கு ஒன்று போதும். மூன்றரை மணிக்கு ஆற்றங்கரையில் இருங்கள். வானம் நீலமாக மங்கும்போது பாராளுமன்றத்தின் விளக்குகள் எரியத் தொடங்கும். அதைப் பார்க்கச் சரியான இடம் எதிர்க்கரையில் உள்ள பட்யானி சதுக்கம், மெட்ரோவில் இறங்கினால் ஆறு எதிரிலேயே. அந்தக் கட்டடத்தின் குவிமாடம் 96 மீட்டர் உயரம். ஹங்கேரியர்களின் முன்னோரான மாஜர்கள் இந்த நிலத்துக்கு வந்த ஆண்டு 896 என்று கொள்கிறார்கள், அதன் நினைவாக வைத்த எண் அது. புனித ஸ்டீபன் தேவாலயத்தின் குவிமாடமும் அதே 96.

அந்த ஆயிரமாவது ஆண்டு விழாவுக்காக 1896-ல் கட்டியதுதான் முதல் மெட்ரோ பாதையும். பிரிட்டனை விட்டுவிட்டால் ஐரோப்பாவின் மூத்த மெட்ரோ இதுதான். சாலைக்குக் கீழே ஒரு மாடி ஆழத்தில், மரச்சட்டம் போட்ட சின்ன நிலையங்கள், மஞ்சள் வண்டிகள். ஆந்த்ராஷி சாலைக்கு அடியில் ஓடி, சேச்செனி குளியலின் வாசலிலேயே இறக்கிவிடும். படிகள் குறைவு என்பதால் முழங்காலுக்கும் நல்லது. மேலே என்றால் 2-ஆம் எண் டிராம். நகரின் கிழக்குப் பாதியான பெஸ்ட் கரையை ஒட்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டே போகும். ஒரு மாலை எதற்கும் இல்லாமல் அதில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வாருங்கள். படகுச் சவாரிக்குக் கொடுக்கும் காசு மிச்சம். மூன்று நாள் பாஸ் வாங்கினால் மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாம் அடங்கும். தனித்தனிச் சீட்டு வாங்கினால் ஏறும்போது மறக்காமல் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். முத்திரையில்லாத சீட்டு கையில் இருந்தாலும் அபராதம்தான். எங்களில் ஒருவர் கட்டினார்.

பகலில் என்ன பார்ப்பது என்று நீளமாகச் சொல்ல விரும்பவில்லை, எந்த வழிகாட்டியிலும் இருக்கும். கோட்டை மலைக்கு 16-ஆம் எண் பேருந்தில் ஏறிப் போகலாம், நடந்து ஏற வேண்டாம். 1859-ல் கட்டிய தொஹானி தெரு யூதக் கோயில் ஐரோப்பாவிலேயே பெரியது. அதற்கு ஒரு முற்பகலை முழுதாகக் கொடுங்கள். அப்புறம், பாராளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே ஆற்றின் விளிம்பில் இரும்பில் வார்த்த அறுபது ஜோடிக் காலணிகள் இருக்கும். 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியப் பாசிசப் படையினர் யூதர்களைக் கரையில் நிறுத்தி, காலணியைக் கழற்றச் சொல்லி, ஆற்றுக்குள் விழும்படி சுட்டுக் கொன்றார்கள். 2005-ல் வைத்த நினைவுச்சின்னம் அது. பனி பெய்தால் காலணிகளுக்குள் பனி நிரம்பியிருக்கும், யாரோ மெழுகுவத்தி வைத்திருப்பார்கள். அங்கே நின்று படம் எடுக்காமல் திரும்பி வந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான்கு பேரும் ஒரு மணி நேரம் எதுவும் பேசவில்லை.

பனி என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் பனி கொட்டும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். பகலில் இரண்டு மூன்று டிகிரி, இரவில் சுழியத்துக்குச் சற்றுக் கீழே, சாம்பல் நிற வானம், ஆற்றின் மேல் மூடுபனி: இதுதான் வழக்கம். பனி பெய்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். பனியில் விளையாட ஆசை இருந்தால் சேச்செனிக்கு எதிரிலேயே, வைதஹுன்யாத் கோட்டையை ஒட்டி, ஏரித்தளத்தில் பெரிய சறுக்குத்திடல் போடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. காலணி வாடகைக்குக் கிடைக்கும். விழப் பயமிருப்பவர் கரையில் சூடாக ஏதாவது குடித்துக்கொண்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்கலாம்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்புவது. உள்ளே எங்கும் ஹீட்டர் ஓடும். கடைக்குள், டிராமுக்குள் போனதும் வியர்க்கும், வெளியே வந்ததும் அந்த வியர்வை குளிரும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போதும், உள்ளே போனதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பணத்தை ஜாக்கெட்டை விடக் காலணியில் போடுங்கள். தடித்த அடி உள்ளதாக, கம்பளிச் சாக்ஸ் போட்டாலும் விரல் அசையும் அளவுக்கு இடம் உள்ளதாக வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் எடுத்துப் போங்கள். உதடும் கையும் இரண்டாம் நாளே வெடிக்கத் தொடங்கும். எண்ணெய் அங்கே உறைந்துதான் இருக்கும், ஹீட்டர் மேல் வைத்தால் உருகிவிடும்.

சாப்பாடு. ஹங்கேரி மாமிசம் அதிகம் சாப்பிடும் நாடு, அதை மறைப்பதில் பயனில்லை. இருந்தாலும் உங்கள் இரண்டு சைவ நண்பர்களுக்கு ஃபோசெலேக் என்ற சொல்லைக் கற்றுக்கொடுங்கள். கீரை, பூசணி, உருளை, பட்டாணி, பயறு என்று ஏதாவது ஒன்றை வேக வைத்து, மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய பதார்த்தம். தேங்காயும் மிளகாயும் இல்லாத கூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிய உணவு மட்டும் போடும் சின்னக் கடைகளில் கிடைக்கும். அதன் மேல் இறைச்சி உருண்டையோ பொரித்த முட்டையோ வைத்துத் தருவது வழக்கம் என்பதால் ‘ஹூஷ் நெல்கூல்’ என்று சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள். எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை: பீன்ஸ் சூப்பில் பெரும்பாலும் புகையிட்ட இறைச்சி இருக்கும், பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸ் மேல் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் தூவுவார்கள். தெருவில் விற்கும் லாங்கோஷ் பயப்படாமல் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். பூரி மாவை விடத் தடித்த, ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த மாவைப் பொரித்து, பூண்டுத் தண்ணீர் தடவி, புளிப்புக் கிரீமும் சீஸும் போட்டுத் தருவார்கள். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம்.

இனிப்பில் பிரச்சினையே இல்லை, முட்டை சாப்பிடுவார்கள் என்றால். கூர்தோஷ்கலாச் என்பது உருளைக் கட்டையில் மாவைச் சுற்றி, சர்க்கரையில் புரட்டிக் கனலில் சுட்டு எடுப்பது. கிறிஸ்துமஸ் சந்தையில் அதை வாங்கி, நான்கு பேரும் சுடச்சுடப் பிய்த்துத் தின்பதுதான் முறை. உட்கார்ந்து சாப்பிட தொபோஷ் கேக். யோஜெஃப் தொபோஷ் என்ற சமையல்காரர் 1885-ல் புடாபெஸ்டில் நடந்த கண்காட்சியில் வைத்தது. மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே சாக்லேட் வெண்ணெய், மேலே கண்ணாடி மாதிரி கேரமல். குளிர்பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் பல நாள் கெடாமல் இருந்ததால்தான் அதற்கு அவ்வளவு பெயர். 1894-ல் திறந்த நியூயார்க் கஃபே மிக அழகு, வரிசையும் மிக நீளம். குளிரில் நிற்கத் தேவையில்லை. கோட்டை மலையில் 1827 முதல் இருக்கும் ருஸ்வுர்ம் என்ற சின்னக் கடை என் விருப்பம்.

காசு ஃபோரிண்ட். ரூபாய்க்கு நான்கு என்று தோராயமாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் செலுத்தும்போது ரூபாயிலா ஃபோரிண்டிலா என்று கேட்டால் எப்போதும் ஃபோரிண்ட் என்றே சொல்லுங்கள். உணவகத்தில் நோட்டைக் கொடுத்துக்கொண்டே ‘நன்றி’ என்று சொன்னால் மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். மீதி கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லுங்கள். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் வேண்டியதில்லை.

நண்பர்களுக்குள் கணக்கு விஷயம் இதை விட முக்கியம். முதல் நாளே நான்கு பேரும் ஒரே தொகையைப் பொதுப்பையில் போடுங்கள். சாப்பாடு, டாக்ஸி, சந்தைத் தீனி எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுங்கள். குடிப்பவர் குடியைத் தன் காசில் வாங்கிக்கொள்ளட்டும். அடுத்தது, நடுவில் ஒரு நாளைத் திட்டமே இல்லாமல் விடுங்கள். அன்று ஒருவர் தூங்குவார், ஒருவர் அருங்காட்சியகம் போவார், ஒருவர் கடைக்குப் போவார். இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்ந்தால் போதும். எங்கள் நல்ல பேச்சுகள் எல்லாம் அந்த மாதிரி நாளின் இரவில்தான் நடந்தன, ஆளுக்கு ஒரு கதை இருந்தது.

தங்க, பெஸ்ட் பக்கத்தில் ஒக்டோகன் சந்திப்புக்கு அருகே சமையலறையோடு ஒரு வீடு எடுங்கள். மெட்ரோவும் 4, 6 எண் டிராம்களும் அங்கே கூடுகின்றன. லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், பழைய கட்டடங்களில் இல்லாமலும் இருக்கும். ஏழாம் வட்டாரத்தின் உட்தெருக்கள் மலிவாகத் தோன்றலாம். ஆனால் பாழடைந்த கட்டடங்களில் நடக்கும் மதுக்கூடங்கள் அங்கேதான், வெள்ளி இரவு தூக்கம் வராது. போய்ப் பார்க்கலாம், தங்க வேண்டாம்.

தேதி: டிசம்பர் முதல் பாதியில் போய் 22-க்குள் திரும்பிவிடுங்கள். சந்தைகள் நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். 24-லேயே ஊர் அடங்கிவிடும், கடைகள் மூடிவிடும், வண்டிகள் வெகுவாகக் குறையும், 24, 25, 26 மூன்றும் விடுமுறை. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இனிய நாள்கள். வெளியூர்க்காரருக்குச் சாப்பாடு தேடுவதே வேலையாகிவிடும்.

ஹங்கேரி ஷெங்கன் நாடு, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாதான் இதற்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோ வரை ஈடு தரும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. துபாய் அல்லது தோஹா வழியாகப் போகலாம். வீட்டை ஒருவர் பெயரில் பதிவு செய்தாலும் உறுதிச் சீட்டில் நான்கு பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எங்களில் ஒருவருடைய இனிஷியலை அப்பா பெயராக விரித்து எழுதாததால் கடைசி வாரம் வரை வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆகஸ்டிலேயே நால்வரும் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்துப் பெயர்களைச் சரிபார்த்துவிடுங்கள். விமானச் சீட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான்.